மறைப்பு

சந்தில் முந்தின நாளிலிருந்தே சாக்கடை பொங்கி வீட்டு வாசல்கள்வரை ஏறியிருந்தது. அடைப்பெடுக்கும் வண்டி உள்ளே திரும்பாது. அம்மாவாசையும் அவன் மனைவியின் தம்பி ராஜாவும் கடப்பாரையால் இரும்பு மூடியை நெம்பித் தள்ளினார்கள். மேஸ்திரி தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, "எறங்குடா" என்று சொல்லி டீக்கடைப் பக்கம் போனார்.

அம்மாவாசை சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு இறங்கினான். கழுத்துவரை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினான். கந்தல் துணி, மயிர்ச்சுருள், கண்ணாடிச் சில்லு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாளியில் போட்டான். தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து மூச்சிழுத்தபோது, எதிரே ஒருவர் முழங்காலைத் தரையில் ஊன்றிக் கேமராவைப் பிடித்திருந்தார்.

"அப்படியே இருங்கண்ணா. கொஞ்சம் மேல பாருங்க."

அம்மாவாசை பார்த்தான்.

அவர் ஜோசப் ஆனந்த் என்று பெயர் சொன்னார். உள்ளூர்க்காரர்தான். தெருவில் பாடுபடுகிறவர்களைக் கருப்பு வெள்ளையில் எடுக்கிறவர். அவர் குலுக்கக் கையை நீட்டியபோது அம்மாவாசை தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு கும்பிட்டான்.

அந்தப் படம் பரிசு வாங்கிச் செய்தித்தாளிலும் வந்தது. குழிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம் என்று கீழே எழுதியிருந்தது. நகராட்சி அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, தணிகாசலத்தின் முதலாளியான ஒப்பந்தக்காரர், "குடிச்சிட்டு அவனா எறங்கிட்டான் சார், வேலைய விட்டு நிறுத்திட்டோம்" என்றார். மறுநாள் காலை தணிகாசலம் அம்மாவாசையை வண்டியில் ஏறவிடவில்லை.

"நீங்கதான எறங்கச் சொன்னீங்க?"

"எறங்கத்தான் சொன்னேன். போஸ் குடுக்கவா சொன்னேன்?"

அஞ்சலாட்சிதான், படம் எடுத்தவரையே கேட்டுப் பார்க்கலாம் என்று புருஷனைக் கிளப்பினாள். கடற்கரைக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த பழைய கட்டடத்தில் கண்காட்சி. யாரும் தடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிதாக அம்மாவாசை சுவரில் இருந்தான். அஞ்சலாட்சி வெகுநேரம் பார்த்தாள்.

"சேறு எண்ண தேச்ச மாதிரி மின்னுதுய்யா" என்றாள். "நாத்தமே தெரியல."

ஒரு பெண் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நின்றான். செல்போனில் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஜோசப் ஆனந்த் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார். "சும்மா வுடக் கூடாதுண்ணா. நான் எழுதறேன்."

"வேணாம் சார். மச்சான் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கான்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"படத்துல இருக்கறது நான் இல்லன்னு சொல்லுங்க சார். வேற ஆளுன்னு சொல்லிடுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே அம்மாவாசையின் கண்கள் இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன.

அஞ்சலாட்சி ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அம்மாவாசை கொத்தனார்களிடமும் மீன் லாரிகளிடமும் அலைந்து பார்த்தான். மழைக்காலம் முடியும் சமயத்தில் தணிகாசலமே கூப்பிட்டனுப்பினார்.

"நீ எறங்க வேணாம். உன் மூஞ்சி ஊருக்கே தெரியும். வேற வேல இருக்கு. பாதிக் கூலிதான்."

வைத்திக்குப்பம் போகும் வழியில் அன்றைக்கு அடைப்பு. வேலை நடக்கும் கட்டடங்களில் தொங்கவிடும் பச்சைத் துணி ஒன்றைத் தணிகாசலம் அவனிடம் கொடுத்தார். ரோட்டிலிருந்து குழி தெரியாதபடி விரித்துப் பிடிக்க வேண்டும். ராஜா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தயங்கினான்.

"மாமா, இந்தக் கயித்த யாரு புடிக்கறது?"

"ரெண்டாளுக்கு மேல கூலி கட்டாது. மசமசன்னு நிக்காம எறங்கு" என்றார் தணிகாசலம்.

ராஜா இறங்கினான். கேமராவைக் கழுத்தில் மாட்டிய இருவர் வாடகை ஸ்கூட்டரில் மெதுவாகக் கடந்து போனார்கள்.

"தூக்கிப் புடிடா!"

அம்மாவாசை கயிற்றின் நுனியைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டான். இரண்டு கைகளையும் அகல விரித்து, கடற்காற்றில் படபடத்த துணியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால் ராஜா முங்கும் சத்தம் கேட்டது.