மண் இல்லாத தொட்டி

என் தங்கை மருசோவுக்கு ஏதென்ஸில் புது நுரையீரல் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கப்பலில் தீவுக்குத் திரும்புகிறாள். மண்ணில் பூஞ்சை இருக்கும், அது அவளைக் கொன்றுவிடும், வீட்டில் ஒரு பிடி மண்கூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ, வாசலில் திருநீற்றுப்பச்சை இல்லாத வீடும் ஒரு வீடா என்று அந்த மனிதரை நச்சரித்து, மண்ணில்லாமல் வளர்ப்பதானால் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொள் என்று சொல்லவைத்துவிட்டாள். பிடிவாதத்தில் எங்கள் வீட்டுப் பெண்களை மிஞ்ச ஆளில்லை.

அவள் புருஷன் ஸ்டமாட்டிஸ் பெர்லைட் என்ற எரிமலைக் கல்லை வெட்டும் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அந்தக் கல்லை உலையில் போட்டால் சோளம் மாதிரிப் பொரியும். பொரிந்ததை மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போடுவார்கள். செடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு மூட்டையைக் கொண்டுவந்து முற்றத்தில் தொப்பென்று போட்டான். வெள்ளையாகப் புகைந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இந்தத் தூசியவா அவ நெஞ்சுக்குள்ள அனுப்பப் போற மாப்ள?"

"தூசியா? இது மாவு மதினி!"

சுரங்கத்திலிருந்து பறந்துவரும் அதை எங்கள் ஊரில் யாரும் தூசி என்பதில்லை. கூரையிலும் மாவு, துணியிலும் மாவு. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் கண்ணிலேயே படுவதில்லை.

"மாவோ கீவோ, வெளிய எடு."

தேங்காய்நார் என்றான், ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்றேன். பாறையை உருக்கி இழுத்த பஞ்சு என்றான். தொட்ட கை அரித்தது. கடைசியில் நான் சுட்ட களிமண் உருண்டைகள் வாங்கிவந்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"களிமண்ணா? மண்ணே ஆகாதுன்னாங்களே!"

"சுட்டதுய்யா. நீ பயறு வேகவச்சுத் திங்கிற சட்டி என்ன தங்கமா?"

அவன் சிரிக்கவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகும் உருண்டைகளைக் கழுவினான். கொதிக்கவைத்தான். போதும் என்றால், "ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?" என்பான். எனக்கும் அதே பயம்தான். அதனால்தான் திட்டிக்கொண்டே இருந்தேன். வேரில் ஒட்டியிருந்த மண் போக அலசி நாற்றை வைத்தோம்.

வெள்ளிக்கிழமை, புயலுக்கு முந்திக்கொள்ளக் கப்பலை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். ஸ்டமாட்டிஸ் சுரங்கத்திலிருந்து நேராகத் துறைமுகத்துக்கு ஓடிவந்தான். முகமூடியோடு, பாதி உடம்பாக இறங்கிய மருசோ கைகளை விரித்தாள். நெருங்கியவன் சட்டென்று நின்றான். பின்வாங்கினான்.

அவள் கைகள் தொங்கிப்போயின. "என்னத் தொடப் பயமா இருக்கா?"

அவன் தன் சட்டையைக் காட்டினான். புருவம்வரை வெள்ளை. "வீட்டுல தூசி உண்டான்னு டாக்டர் கேட்டாரு மருசோ. இல்லவே இல்லன்னுட்டேன்."

எல்லாவற்றையும் அலசிப் பார்த்த நாங்கள், அவள் பக்கத்தில் படுப்பவனை யோசிக்கவே இல்லை.

வீடு வரைக்கும் அவள் முன்னே நடந்தாள், அவன் பின்னே வந்தான். தன் மேல் பட்ட காற்று அவள் பக்கம் போய்விடக்கூடாதென்று, காற்று திரும்பும்போதெல்லாம் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி நடந்தான்.

"கிறுக்கா, கிட்ட வாயேன்" என்று மருசோ அழுதாள்.

அவன் வரவில்லை.