பேச்சிராஜா பாறை ஏறும் மாதம்

தாராவியில் பருவம் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவன் உண்டென்றால் அது பேச்சிராஜாதான். பாறை ஏற எந்த மாதம் தோது என்று கேட்டால் போதும், பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு குறை சொல்லுவான். பை தைக்கிற பட்டறைக்காரனுக்குப் பாறையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாம் கல்யாண ஆசை.

வரன் பார்க்கிற ஆப்பில் அவன் விவரத்தை ஏற்றியவன் கூட்டாளி வேல்ராஜ். பொழுதுபோக்கு என்ற இடம் காலியாகக் கிடந்தது. தூக்கம் என்று உண்மையைப் போடவா முடியும்? ‘பாறை ஏறுதல்’ என்று போட்டுவிட்டான். முப்பத்து நான்கு வயதுவரை யாரும் திரும்பிப் பார்க்காதவனுக்கு மூன்றாம் நாளே செம்பூரிலிருந்து மாலதி பதில் போட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கயிறும் கையுமாக மும்ப்ராவுக்குப் பாறை ஏறப் போய்விடுகிறவள்.

“ஒருவாட்டி சேர்ந்து ஏறுவோம். அப்புறம் வீட்டுல பேசலாம்” என்றாள். அது ஜூன் மாதம்.

பேச்சிராஜா செல்போனில் தேடிப் படித்துவிட்டு, “மழையில பாசி புடிச்சிருக்கும், வழுக்கிரும்” என்றான்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி கேட்டாள்.

“அக்டோபர் வெயில்ல பாறை தோசைக்கல்லாட்டம் காயும். தேன்கூடு வேற இருக்கும்.”

“எவ்ளோ பத்திரமா யோசிக்கிறீங்க!” மாலதி உருகிப்போனாள். “நவம்பர்லேருந்து பிப்ரவரிதான் கரெக்ட் சீசன். அப்போ போலாம்.”

நவம்பரும் வந்தது. கார்த்திகை முதல் தேதி பேச்சிராஜா மாலை போட்டுக்கொண்டான். விரதம் முடியும்வரை வேறு பாறை ஏறக் கூடாதாம். வாரம் தவறாமல் பிரியாணிக்கு வரிசையில் நின்றவன் கழுத்தில் துளசிமணி! சபரிமலையில் பதினெட்டுப் படியும் வேல்ராஜ் பின்னாலிருந்து தள்ளித்தான் ஏறினான் என்பது பிறகு வெளிவந்த சங்கதி.

மாலையைக் கழற்றிய பிறகும் பருவம் மிச்சம் கிடக்குமே, அது அவன் புத்திக்கு எட்டவில்லை. குடியரசு தினத்தன்று காலை ஏழு மணிக்கு, தோளில் கயிற்றுப் பையோடு மாலதி சந்துக்குள் வந்து நின்றாள்.

பட்டறை கீழே, குடியிருக்கும் அறை மேலே. நடுவில் வெளிச்சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி.

“ஏறி வாத்தா, காப்பி குடிச்சிட்டுப் போவலாம்” என்று அவன் அம்மா பார்வதியம்மாள் மேலிருந்து கூப்பிட்டாள். மாலதி நாலே எட்டில் ஏறிவிட்டாள். பேச்சிராஜா கீழே நின்று தையல் மிஷினைத் துடை துடை என்று துடைத்தான்.

“அவர் வரலையா ஆன்ட்டி?”

“அவனா? ஆறு வருசம் முன்ன மழையில மூணாம் படியில வழுக்குனான். அன்னையிலருந்து கீழதான் படுக்கை. சோத்தை வாளியில வச்சு நாந்தான் கயித்துல இறக்குதேன்.”

மாலதி எட்டிப் பார்த்தாள்.

“மேல வாங்க. இந்த ஏணிக்கு எந்த மாசம் தோது?”

வேறு வழியில்லாமல் ஏணியைப் பிடித்தான். ஒரு படி. இரண்டு. மூன்றாம் படியில் கண்ணை மூடிக் கம்பியைக் கட்டிக்கொண்டான். “பனியில கம்பி ஈரமா இருக்கு” என்று இறங்கிவிட்டான்.

மேலே அரைமணி நேரம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. தன் கல்யாணம் நடக்கிறதா, நின்றுபோகிறதா என்று தெரியாமல் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான். பிறகு இருவரும் இறங்கி வந்தார்கள். பார்வதியம்மாள் சேலையை வரிந்து செருகியிருந்தாள். முப்பது வருஷம் தண்ணீர்க் குடத்தோடு அந்த ஏணியில் ஏறி இறங்கிய கால் அது.

“ஆன்ட்டி என்கூட மும்ப்ரா வர்றாங்க” என்றாள் மாலதி.

“நம்ம விசயம்?”

“மதியச் சாப்பாடு மேல வாளியில இருக்கு. நாங்க வர்றதுக்குள்ள ஏறிச் சாப்பிட்டா வீட்டுல பேசுறேன். இல்லன்னா வேணாம்.”

இருவரும் ரயிலுக்குப் போனார்கள். அன்று சந்தில் எல்லாருக்கும் அந்த ஏணிப் பக்கமே வேலை இருந்தது. மூன்று மணிக்கு வேல்ராஜ் வந்து கேட்டான்: “என்னல, இன்னும் சீசன் வரலியா?”

பேச்சிராஜா ஏணியடியிலேயே உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய முனைக் கடை வடாபாவ்.