மறுபடி ஓட்டு

மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் பிதாமகர் சல்லடையைப் போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க ஒப்புதல் இன்னும் வரலையே? இங்க எள்ளு போட்டா எள்ளு விழாது. எல்லார் முன்னாடியும் நான் பட்டனை அமுக்கி புது பதிப்பை வெளியிடணும். அதான் நிகழ்ச்சியே."

"சோதனை ஒண்ணு சிவப்பா நிக்குது சார்."

"எது, ஒரு நேரம் பச்சை, ஒரு நேரம் சிவப்புன்னு காட்டுமே, அந்த மூடு சரியில்லாததா? மறுபடி ஓட்டுங்க. பச்சையாயிடும்."

பிதாமகர் என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நர்ஸ் கணினியில் குறிக்கும் அளவை அந்தந்தக் கட்டிலின் மருந்துப் பம்புக்குச் சொல்லி அனுப்பும் மென்பொருளை அவர்தான் தொடங்கினார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று பொதுவில் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வரி நிரல் எழுதியதில்லை. சொற்பொழிவுக்கு மட்டும் குறைவில்லை. இன்றைய தலைப்பு, 'எங்களிடம் சிவப்புக்கு இடமில்லை.' பொய்யல்ல. திருத்தம் சரியா என்று கணினியே ஓட்டிப் பார்க்கும் சோதனை தோற்றுச் சிவப்பு விழுந்தால், பச்சை வரும்வரை 'மறுபடி ஓட்டு' பட்டனைத் தட்டுவது அங்கே எழுதாத சட்டம்.

எந்தத் திருத்தத்தையும் சேர்க்க இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். முதல் ஒப்புதல் கட்டைவிரலுடையது. எது வந்தாலும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போகிற புண்ணியவான். இரண்டாவதுதான் சல்லடை. எல்லாவற்றையும் சலித்தெடுப்பாள் என்று பெயர். ஆனாலும் புது பதிப்பின் வேலை தொடங்கியதிலிருந்து இந்தச் சோதனையை அவளும் பலமுறை தட்டிப் பச்சையாக்கியவள்தான்.

இன்றும் அவள் விரல் பட்டனுக்குப் போனது. வீட்டில், அவள் கணினி வைத்திருந்த சாப்பாட்டு மேசைக்கு எதிரே அண்ணி நர்ஸ் உடுப்பில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க வார்டுல புது பதிப்பை யார் ஏத்துவாங்க?"

"யாரு ஏத்தணும்? வந்ததும் அதுவே ஏறிக்கும். ஏன்டி, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

விரல் நின்றது. சோதனை ஏன் தோற்றது என்று சொல்லும் பதிவை யாரும் திறந்து பார்த்ததில்லை. அவள் திறந்தாள். இரண்டு நர்ஸ்கள் ஒரே நேரத்தில் அளவு மாற்றியபோது, ஏழாம் கட்டிலுக்குப் போக வேண்டிய மருந்தளவு எட்டாம் கட்டிலுக்குப் போயிருந்தது. வேகம் கூட்டுவதற்காகப் புது பதிப்பில் செய்த மாற்றத்தின் வேலை. பத்து தடவை ஓட்டினால் ஒரு தடவை இடறும். மூடு சரியில்லாதது சோதனை அல்ல.

அவள் திருப்பிக் கூப்பிட்டாள். "சார், மருந்து கட்டில் மாறுது. இன்னைக்கு வேண்டாம்."

"இப்ப போய் இப்படிச் சொன்னா எப்படிம்மா? என் மானம் கப்பலேறிடும். நீங்க ஒப்புதல் தரலைன்னா பரவாயில்லை, நான் உரிமையாளர். சோதனை பச்சையா இருந்தா போதும், நானே சேர்த்துக்கறேன்."

தொடர்பு அறுந்தது. அவள் கணினியில் ஓடிய நேரலையில் கைதட்டலுக்கு நடுவே அவர் கும்பிட்டபடி ஏறிக்கொண்டிருந்தார். பச்சைக்கு அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டுவார். பத்தில் ஒன்பது அவர் பக்கம்.

அண்ணி பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

"கிளம்பாதீங்க அண்ணி, கொஞ்சம் இருங்க. புது பதிப்பு ஏறுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

"பஸ் போயிடும்டி!"

சல்லடை சோதனையைத் திறந்து திருத்தினாள். முதல் நர்ஸின் கட்டளையை வேண்டுமென்றே பாதி வழியில் நிறுத்தி, அந்த இடைவெளியில் இரண்டாவது கட்டளையை நுழைத்தாள். இனி அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை. பிழை இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் தோற்கும். நேரலையில் பிதாமகர் "சிவப்பு என்ற சொல்லே எங்கள் அகராதியில்..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய நீட்டி முழக்கும் பழக்கத்துக்கு அவள் முதல்முறையாக நன்றி சொன்னாள். எழுதி அனுப்பினாள்; கட்டைவிரல் வழக்கம்போல் உடனே தன் படத்தைப் போட, இரண்டாவது ஒப்புதலை அவளே தந்து சேர்த்தாள்.

மேடையின் பெரிய திரையில் மென்பொருள் திட்டத்தின் பக்கம் விரிந்தது. சிவப்பு.

"சின்ன சிணுங்கல்," என்று சிரித்து அவர் 'மறுபடி ஓட்டு' தட்டினார். சுழன்றது. சிவப்பு. மறுபடி. சிவப்பு. நாலாவது தடவை மண்டபத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"ஐயா, பதிவைத் திறங்க! என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பிதாமகரின் சுட்டி, சோதனையை மீறிச் சேர்க்கும் உரிமையாளர் பட்டன்மேல் போய் நின்றது. மண்டபம் முழுவதும் அந்தச் சுட்டியைப் பார்த்தது. அவர் மண்டபத்தைப் பார்த்தார். சுட்டி மெல்ல நகர்ந்து பதிவைத் திறந்தது. ஏழாம் கட்டில், எட்டாம் கட்டில் என்று ஆளுயர எழுத்தில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, இதைக் காட்டத்தான் உங்களை அழைத்தேன். பிழையைப் பிடிக்கும் இந்தச் சோதனை... என் வழிகாட்டுதலில் உருவானது. வெளியீடு தள்ளிவைக்கப்படுகிறது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இந்தாளு யாருடி? பெரிய ஆளோ?" என்றாள் அண்ணி.

"ரொம்பப் பெரிய ஆளு அண்ணி. நீங்க போங்க. பழைய பதிப்புதான் ஓடும். மெதுவா ஓடும், ஆனா கட்டில் மாறாது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சல்லடை நேரலையின் வாயை அடைத்துவிட்டு, இதுவரை படிக்காமல் விட்டிருந்த அந்த வேக மாற்றத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.