மலட்டுக் காசித்தும்பை

வத்தேகமவில் செடிக்கடை வைத்திருந்த றம்லத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த ஊதாக் காசித்தும்பைதான். இரண்டு வேறு சாதிக் காசித்தும்பைகளைத் தானே கலந்து அதை உண்டாக்கியிருந்தாள். காய்க்கவே காய்க்காது, அதனால் வருடம் முழுக்கப் பூத்துத் தள்ளும். தண்டை வெட்டித்தான் வளர்க்க வேண்டும். அம்பிட்டிய வீடுகள் முதல் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டங்கள் வரை அவள் வெட்டிக் கொடுத்த தண்டுகள் பூத்துக்கொண்டிருந்தன.

ஒரு மழை ஓய்ந்த காலையில், வாசலோரச் செடியில் பருத்த காயொன்று தொங்குவதைக் கண்டாள். விரல் பட்டதும் அது வெடித்து, கறுத்த விதைகளை அவள் முகத்தில் வீசியது. சிரித்துவிட்டாள். பிறகுதான் இலைகளைக் கவனித்தாள். மற்றச் செடிகளைவிட அவை தடித்திருந்தன.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் சுதர்சினி அவளிடம் பூச்செடி வாங்குகிறவள். றம்லத் கிளையோடு அவளிடம் போனாள். சுதர்சினி இலையைப் பிளேட்டால் பொடியாக நறுக்கி, சாயம் கலந்து, லேசர் பாய்ச்சி டீ.என்.ஏ. அளக்கும் இயந்திரத்தில் விட்டாள். திரையைப் பார்த்தவள் இன்னொரு தரம் செய்து பார்த்தாள்.

"டீ.என்.ஏ. இரட்டிச்சுப் போச்சு, றம்லத். முந்தி இதின்ட நிறமூர்த்தங்களுக்கு, அதான் குரோமோசோமுகளுக்கு, சோடி இல்லை, அதாலதான் மலடு. எங்கயோ ஒரு முளையில உயிர்க்கலம் பிரியேக்க, எல்லாம் ரெண்டு ரெண்டாகிட்டுது. இப்ப எல்லாத்துக்கும் சோடி இருக்கு."

"அப்ப நல்லந்தானே மிஸ்?"

"செடிக்கு நல்லம்."

றம்லத்தின் சிரிப்பு நின்றது.

"பூக்கிற செடியளில இது எத்தினையோ தரம் நடந்திருக்கு," என்றாள் சுதர்சினி. "இரட்டிக்கும். பிறகு லட்சக்கணக்கான வருசமாத் தேவையில்லாததைக் கழிச்சுச் சுருங்கும். அதுக்கிடையில புதுச் சாதி ஒண்டு பிறந்திடும். இதுவும் தாய்ச் செடியளோட இனிச் சேராது. தன்பாட்டில பெருகும். இந்தச் செடியில வெட்டின தண்டு ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

வாசலோரச் செடியின் தண்டு தடிப்பானது, சட்டென்று வேர்விடும். காய்க்க நேரம் விடாமல், இரண்டு வருடமாக றம்லத் அதில்தான் அதிகம் வெட்டியிருந்தாள்.

"மடுல்கெல்லைக்குத்தான் நிறையக் குடுத்தேன்."

மறுநாள் இருவரும் அங்கே போனார்கள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அழகம்மா முகம் மலர்ந்து வந்தாள்.

"வாங்கம்மா! நீங்க குடுத்த செடி எப்படி வந்திருக்குன்னு பாருங்க. நட்டது கொஞ்சந்தான், மத்ததெல்லாம் அதுவா வந்துச்சு."

காம்பராவுக்குப் பின்னாலிருந்த ஓடையின் இரு கரையும் ஒரே ஊதா. பெரணி இல்லை, புல் இல்லை. வண்டுகள்கூட அந்தப் பூவில்தான் மொய்த்தன.

"இங்க முன்னுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டாள் சுதர்சினி.

"சின்னதா மஞ்சப் பூ ஒண்ணு பூக்குங்க. இப்ப காணோம்."

றம்லத் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். காய்களைச் சாக்கால் மூடிக்கொண்டு செடிகளைப் பிடுங்கினாள். மூடாத பக்கமெல்லாம் காய்கள் படபடவென்று வெடித்தன. அழகம்மாவுக்கு மனம் கேட்கவில்லை.

"ஏம்மா புடுங்குறீங்க? புள்ளைங்க ஆசையா பாக்குதுங்க."

"நான் தந்ததுதான். அது இனி இங்க ஈக்கப்படாது," என்றாள் றம்லத், நிமிராமல்.

மதியம்வரை மூவரும் பிடுங்கினார்கள். பிடுங்கியபடியே மேலே ஏறிய றம்லத், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். வெயில் விழாத மரத்தடிகளில், தடித்த இலைகளோடு, கண்ணுக்கெட்டிய தூரம் நாற்றுகள் முளைத்திருந்தன.

"மிஸ்!" என்று கத்தினாள்.

சுதர்சினி மூச்சிரைக்க ஏறி வந்து பார்த்தாள்.

"இந்த ஓடைத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டாள்.

"ஹுலு கங்கைக்குத்தாங்க," என்றாள் பின்னால் வந்த அழகம்மா. "அங்கயிருந்து மகாவலி ஆத்துக்கு."

மலைக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் விழுந்ததும் கீழே ஓடைக்கரையில் மிச்சமிருந்த காய்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது. றம்லத் முழந்தாளிட்டு நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.