ரப்பர் குழாயில் ஒரு கட்டு

எனக்கு முன்கோபம் உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பட்டறைக்குப் போகும்போது கோபம் ஆறி, முடிவு மட்டும் மிச்சமிருந்தது. லாரியின் தேய்ந்த இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு, உடைப்புக்குப் போன இன்னொரு லாரியின் இன்ஜினை மாட்டுவது. கூடவே, தம்பியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்குவது. உடைப்புக் கடைக்காரரிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

பதினோரு வருஷம் நானே ஓட்டிய லாரி அது. கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றும் வேலை. இடுப்பு வலி வந்து நான் இறங்கியபோது சாவியைத் தம்பி கையில் கொடுத்தேன். மூன்றே வருஷம். வண்டி குடம் குடமாக ஆயில் குடித்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, பின்னால் வருகிறவனுக்குப் பாதையே தெரியாத அளவுக்குப் புகை தள்ளியது. என் கையில் நன்றாக ஓடிய வண்டி அவன் கையில் படுத்தால் யார் காரணம்? ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கு ஸ்டியரிங் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் மனைவியும் அங்கேதான் இருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்து போனான்.

மறுநாளே போர்வை, குவளை, சவரக் கண்ணாடி எல்லாவற்றையும் கேபினிலிருந்து எடுத்து ஒரு சாக்குப்பையில் கட்டினான். வேறொரு முதலாளியிடம் திங்கட்கிழமை சேரப் போகிறானாம். நெடுந்தூர வண்டி, மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம். அவன் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. போவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருக்கா. யாரால போச்சுன்னு இன்ஜினே சொல்லட்டும்."

எனக்கென்ன பயம்? திறக்கச் சொன்னேன்.

பட்டறைக்காரரை எல்லாரும் மௌனசாமி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூடாத மனுஷர் என்பதால் வந்த பெயர். அன்றும் போல்ட் போல்ட்டாகக் கழற்றிக்கொண்டே, சம்பந்தி வீட்டார் வந்து பத்து நாளாகியும் கிளம்பாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினின் மேல்மூடி வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர்கள் ஆறும் தேய்ந்திருந்தன. மேல் விளிம்புக்குக் கீழே படி விழுந்து, விரலால் தடவினால் நகம் தட்டியது. பார்த்தாயா என்பதுபோல் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து, கிராங்க் பேரிங்குகளைக் கழற்றி, துணியால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கீறல் கிடையாது.

"ஓட்டினவன் கெடுத்திருந்தா முதல்ல இதுதாம்மா போயிருக்கும். நேரத்துக்கு ஆயில் மாத்தியிருக்காரு, சூடேத்திட்டுத்தான் வண்டிய நகர்த்தியிருக்காரு. உங்க தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. மேல தேஞ்சது தூசியால. உள்ள தூசி போயிருக்கு."

ஃபில்டர் இருக்கும்போது தூசி எப்படிப் போகும் என்று சண்டைக்குப் போனேன். கேட்டு முடிப்பதற்குள் விடை எனக்கே தெரிந்துவிட்டது.

ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். நான் இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, முழுப் பாரத்தோடு நடுவழியில் அது கிழிந்தது. பழைய டயர் டியூபைப் பட்டையாக அறுத்து, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கி, வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தேன். பெருமையோ பெருமை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். சாவியைக் கொடுத்த அன்றே, குழாயை மாற்றிவிடலாமா என்று தம்பி கேட்டான். நான் கட்டிய கட்டு உன் காலத்துக்கும் நிற்கும் என்று வாயை அடைத்தேன். அடுத்த வருஷமும் கேட்டான். அப்போது சத்தமே போட்டேன்.

கட்டை நானே அவிழ்த்தேன். துருப்பிடித்த கம்பி கையைக் கிழித்தது. பட்டறைக்காரர் கட்டரை நீட்டினார், வேண்டாமென்றேன். டியூப் பட்டைக்கு அடியில் குவாரித் தூசி மாவாகப் படிந்திருந்தது. குழாய்க்குள் விட்ட விரல் வெள்ளையாக வெளியே வந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. எத்தனை பேர் முன்னால் அவனை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்!

"தெரிஞ்சும் ஏன்டா வாய மூடிட்டு இருந்த?"

"ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேக்காம நானே மாத்தியிருக்கணும். உன் கட்டுல கைவைக்க பயம்க்கா."

பட்டறைக்காரருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பிளாக்கும் கிராங்க்கும் இரும்பாக இருக்கின்றன, லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினால் போதும், ஆனால் ஆறு நாளாகும் என்றார். வேறு இன்ஜின் என்றால் இரண்டே நாள். ஆனால் அது எவன் கையில் என்ன பாடுபட்டதோ யாருக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். தெரியாதது தெரிந்ததைவிட மோசம் என்று எனக்குப் பட்டது. இந்த இன்ஜினின் வியாதி இப்போது என் கையில் இருந்தது. உடைப்புக் கடைக்காரரை அங்கிருந்தே போனில் கூப்பிட்டு, வேண்டாமென்றேன். வாக்கு மாறிய பெண்பிள்ளை என்று அவர் முணுமுணுத்தார். ஆமாம், மாறிவிட்டேன் என்றேன்.

வீட்டுக்குப் போனதும் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். முன்பு எந்த இடத்தில் நின்று கத்தினேனோ அதே இடத்தில் நின்று, அந்தத் தூசிக் குழாயைத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தேன்.

"இன்ஜினைக் கெடுத்தது நான். இவன் இல்ல."

அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சாக்குப்பையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். பட்டறைக்குச் சுமந்து போய்க் கேபினில் வைக்க வேண்டியது யார் என்று எனக்குப் புரிந்தது. இடுப்பு வலியோடு ஏறி, போர்வையை விரித்து, கண்ணாடியை அதன் ஆணியில் மாட்டினேன்.

ஏழாம் நாள் காலை புதுக் குழாயைத் தம்பி மாட்டினான். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற பட்டறைக்காரர் புகையே இல்லை என்று கத்தினார். தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வழியில கிழிஞ்சா கட்டலாமில்லக்கா?"

"கட்டு. வீடு வந்ததும் அவுத்து எறிஞ்சுட்டு புதுசு போடு. நான் சத்தம் போட்டாலும் போடு."