எழுந்திருக்கக் கூடாத பயணம்

சங்கத்தின் செயலாளர் முதல் கூட்டத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மேடம், பயணம் முடியிற வரைக்கும் நீங்க சக்கர நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே கூடாது. யாராவது பாத்துட்டா மானம் போயிடும்."

அவர் மேடம் என்று அழைத்தது, ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்து, பிறகு அங்கிருந்து விரட்டப்பட்டவளை. விரட்டிய காரணத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். காலை வேளையில் அவள் வெட்டும் வேகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரிகள் மூக்கில் விரலை வைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கைக்குக் கத்தரிக்கோல் கனக்கும். சாயங்காலமானால் இமைகள் தானாகச் சரியும், நாக்கு குழறும், கால் துவளும். சற்றுப் படுத்து எழுந்தால் ஆள் பழையபடி தேறிவிடுவாள். இதை எந்த சூப்பர்வைசர் நம்புவான்? "இந்த நாடகத்தையெல்லாம் உன் வீட்டுல வச்சுக்க" என்று கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டான்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். தசைச் சோர்வு நோய். பயன்படுத்தப் பயன்படுத்தப் பலம் வடிந்துவிடும், ஓய்வெடுத்தால் மறுபடி கொஞ்சம் ஊறும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதை அடுத்தவருக்குப் புரியவைப்பதற்குள் இருக்கிற பலமும் போய்விடும்.

அவள் கணவன் வேன் ஓட்டுகிறவன். குறை சொல்லக்கூடாது, நல்ல மனுஷன். மருந்து மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பான், சமைப்பான், அலுத்துக்கொள்ள மாட்டான். ஆனால் சாயங்காலம் அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவினால் போதும், அவன் முகத்தில் ஒரு கேள்வி வந்து போகும். காலையில் குடத்தையே தூக்கியவளாயிற்றே என்கிற கேள்வி. அவன் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டு முடித்திருக்கலாம். நோயைவிட அந்தக் கேள்விதான் அவளை வதைத்தது. அதை அவன் முகத்திலிருந்து துடைத்துவிட வேண்டும், தன்னைப் போன்றவர்கள் வீட்டு முகங்களிலிருந்தும் துடைத்துவிட வேண்டும் என்றுதான் அவள் இந்தப் பயணத்துக்கே ஆசைப்பட்டாள்.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. எல்லையோர ஊரிலிருந்து தலைநகர் வரை போவது. காலையில் முடிந்தவரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடப்பது, பலம் போனதும் அதிலேயே உட்கார்ந்துகொள்வது. இரண்டையும் ஜனங்கள் பார்க்கட்டும்.

பயணத்தை நடத்த முன்வந்தது இந்த நோயாளிகளுக்கென்று தொடங்கிய சங்கம். அதில் தலைவர், துணைத்தலைவர்கள், ஆலோசகர்கள் என்று பெரும்படையே இருந்தது. நோயுள்ளவள் அவள் ஒருத்திதான், அதனால் அவளுக்குப் பொறுப்பு எதுவும் தரவில்லை.

"நடந்தீங்கன்னா இரக்கம் எப்படி மேடம் வரும்?" என்றார் செயலாளர்.

"இரக்கம் வேணாம் சார். புரிஞ்சா போதும்."

"புரிய வைக்கிறதுக்கெல்லாம் பேனர்ல இடம் இல்ல மேடம்."

பேனரில் உண்மையிலேயே இடமில்லை. பயணத்துக்கு ஆதரவு தந்தது ஒரு சத்து டானிக் கம்பெனி. மேலே மல்யுத்த வீரன் ஒருவன் புஜத்தை முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே, "கால்கள் நின்றாலும் கனவு நிற்காது" என்ற வரி. இரண்டுக்கும் நடுவே, போனால் போகிறதென்று அவள் முகம். நோயின் பெயரை எழுத நினைத்திருந்தார்களாம், நீளமாக இருந்ததால் விட்டுவிட்டார்களாம்.

பயணம் கிளம்பியது. சக்கர நாற்காலிப் பயணம் என்று பெயர்தானே தவிர, நாற்காலியும் அவளும் போனது கணவன் ஓட்டிய வேனில். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நாற்காலியை இறக்கி, அவளை உட்காரவைத்து, மேடை வரை தள்ளிக்கொண்டு போவார்கள். செயலாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடவே வருவார். "மேடம், கால் மேல கால் போடாதீங்க. பாதத்த ஆட்டாதீங்க. கொசு கடிச்சா என்கிட்ட சொல்லுங்க, நான் அடிக்கிறேன்." ஒரு முறை அடிக்கவும் செய்தார்.

உடம்பில் தெம்பிருக்கும் காலை நேரமெல்லாம் வேனில் வீணாகப் போயிற்று. சிறப்பு விருந்தினர்கள் சாவகாசமாக வந்து நெடுநேரம் பேசுவார்கள், மைக் அவளிடம் வரும்போது அவள் குரல் போயிருக்கும். செயலாளருக்கு அதில் பரம திருப்தி. "இப்பத்தான் மேடம் நோயாளி மாதிரியே இருக்கீங்க" என்பார். எந்த மேடைக்கும் சரிவுப் பாதை கிடையாது, படிகள்தான். அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றுகிறவர்கள் மூச்சு வாங்கித் தள்ளாடும்போது, நானே ஏறிவிடுகிறேனே என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். ஒரு ஊரில் விருந்தினர் அவளுடைய இதய நோயை வெகுவாகப் பாராட்டினார். இன்னொருவர், இந்தத் தொற்று சீக்கிரம் ஒழிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் தொட்ட மைக்கைக் கைக்குட்டையால் துடைத்தார்.

கடைசி நாள் காலை. தலைநகருக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டின் அடியில், நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுக்கலாமென்று நாற்காலியை இறக்கினார்கள். இறக்கியதும் சக்கரத்தில் ஆணி ஏறிக் காற்றுப் போய்விட்டது. செயலாளர் பஞ்சர் கடை தேடி ஓடினார். போட்டோவில் விழாமலிருக்க வேனை மேட்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியிருந்ததால் நாற்காலியை அதுவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரோட்டில் ஆளில்லை. காற்று சில்லென்றிருந்தது, கால்களில் தெம்பு பொங்கியது. அவள் எழுந்தாள். ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் அவள் என்று இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். "மெதுவாடி, உன் வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குது" என்று அவன் சிரித்தான். பயணம் கிளம்பிய நாளிலிருந்து அவள் சந்தோஷமாக இருந்தது அந்த மேட்டில்தான்.

பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவன் இதையெல்லாம் போனில் படம் பிடித்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மதியத்துக்குள் நாடே பார்த்துவிட்டது. அதுவரை அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது, இப்போது தெரியாதவர்களே இல்லை. மோசடிக்காரி, நாடகக்காரி என்று ஆளாளுக்குக் கழுவி ஊற்றினார்கள். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு டானிக் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னவென்று அவள் கேட்டதற்கு, "மேடைல பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தலைநகரில் மேடையின் முன் திட்டுவதற்கென்றே கூட்டம் கூடியிருந்தது. வழக்கம்போல அவளை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! காலையில நீங்க பாத்தது மோசடி இல்ல, அதிசயம்! பயணம் முழுக்க நம்ம டானிக்கக் குடிச்ச இந்தச் சகோதரி, இன்னைக்குப் பூரணமா குணமாயிட்டாங்க!"

திட்ட வந்த கூட்டம் அப்படியே கைதட்டியது. சிலர் நோயாளிப் பிள்ளைகளை அவள் தொடட்டும் என்று மேடைப் பக்கம் தூக்கிக் காட்டினார்கள். அவள் மைக்கை எட்டிப் பிடித்தாள். "இல்ல... அது..." அவ்வளவுதான் வந்தது, அதுவும் மூக்கால் குழறிக்கொண்டு.

"ஆனந்தத்துல பேச்சு வரல!" என்று செயலாளர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். கணவன் நின்றிருந்தான். அவன் முகத்தில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது, கூடவே ஒரு ஆசையும் இருந்தது. உண்மையிலேயே குணமாகிவிட்டாளோ என்கிற ஆசை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் முன்னால் நேராக நீட்டினாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. "உங்களுக்கெல்லாம் கை காட்டுறாங்க!" என்றார் செயலாளர். எல்லோரும் பதிலுக்குக் கை அசைத்தார்கள். அவள் அசைக்கவில்லை, நீட்டியபடியே நின்றாள். கைகள் நடுங்கி, இறங்கி, தொப்பென்று விழுந்தன. மறுபடி நீட்டினாள். இந்த முறை சீக்கிரமே விழுந்தன. மறுபடி முயன்றாள். தோள் வரைகூட வரவில்லை. கைதட்டல் அங்கங்கே நின்றது, பிறகு மொத்தமாக நின்றுபோயிற்று. இமைகள் இறங்கிக் கண்ணை மூடின. இருட்டில் நின்றபடி அவள் இன்னொரு முறை முயன்றாள். கால்கள் மடிந்தன.

விழுவதற்குள் கணவன் ஓடிவந்து தாங்கிவிட்டான்.

"போதும்டி. போதும். நான் பாத்துட்டேன்."

கூட்டத்துக்குள் ஏதோ சலசலப்பு. ஒரு மாமியார் தன் மருமகளை அதட்டுவது கேட்டது. "கைய இறக்குடி! நாலு பேர் பாக்கிறாங்க. காலையில அத்தன துணியும் துவைச்சவதானே நீ, இப்ப என்ன உனக்கு?"

கணவன் தன் விரலால் அவளுடைய ஒரு இமையை மெல்ல உயர்த்திப் பிடித்தான். "அங்க பாரு" என்றான்.

கூட்டத்தின் நடுவே மெலிந்த பெண்ணொருத்தி எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு கண் பாதி மூடியிருந்தது. வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். அது விழுந்துவிடாமல் இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மாமியார் அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கணவன் செயலாளரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். மேடையேறிப் பேசியே அறியாதவன், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவங்களத் திட்டாதீங்கம்மா. காலையில முடியும், சாயங்காலம் முடியாது. அதுதான் நோயே." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "கைய இறக்கிக்க தங்கச்சி, நாங்க நம்புறோம்" என்றான்.