எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஹெல்மெட்

1

“இப்ப அந்த வண்டியில யாரு இருக்கா, சொல்லு.”

சற்று முன் என் அக்கா கார்லாவிடம் இப்படிக் கேட்டேன். எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி. தெரியாததைப் போலீஸிடம் சொல்ல முடியாது, ஆகவே தெரிந்துகொள்ளாதே: அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்த சட்டம் இது ஒன்றுதான். கார்லா கேக் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலின் அலுவலகத்தில், இணையதளத்துக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். போன மாதம் ஒரு கேள்வி: என் குழந்தை பூங்காவில் மினி பைக் ஓட்டலாமா? கூடாது என்று எழுதினேன். சாலையில் கூடாது, நடைபாதையில் கூடாது, பூங்காவில் கூடாது. பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் சட்டத்துக்கு அது மோட்டார் வாகனம். தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதித்தால் ஓட்டலாம்.

மேலதிகாரி பாராட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தனியார் நிலமாம். கவுன்சில் வாடகைக்கு விட்ட இந்தக் குடியிருப்பில் யாருக்கு நிலம் இருக்கிறது? வாசலில் வேலி வைக்கக்கூட கவுன்சிலைக் கேட்க வேண்டும்.

(ஆத்திரத்தில் ஆரம்பித்த கதை இது. பயத்தில் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.)

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: “எட்டு வயது டேம்சின், கிறிஸ்துமஸுக்கு வந்த மினி பைக்கில், வீடுகளுக்குப் பின்னால் உள்ள புல்வெளியை”

நிறுத்திவிட்டேன். டேம்சின் கார்லாவின் மகள். வண்டி அவளுடையதுதான். ஆனால் அதில் அவள் போய் நான் பார்த்ததில்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது ஹெல்மெட்டை.

இரண்டாம் தொடக்கம்: “ஒரே வண்டி, ஒரே ஹெல்மெட், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் முறை வைத்து”

இது உண்மை. பெரியவர்கள் போடும் கறுப்பு ஹெல்மெட், முன்கண்ணாடியும் கறுப்பு. எந்தப் பிள்ளை போட்டாலும் ஒரே மாதிரித் தலை ஆடும். எங்கள் சமையலறை சன்னல்கள் எல்லாம் புல்வெளியைப் பார்த்தவை. ஒவ்வொரு சுற்றிலும் வீடுகளைத் தாண்டும்போது இடது கையைத் தூக்க வேண்டும் என்பது அம்மாக்கள் போட்ட விதி. பாத்திரம் கழுவுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள், தன் பிள்ளைதான் என்று தானும் கை தூக்குவாள். அதே கைக்குப் பக்கத்து வீட்டிலும் பதில் கிடைக்கும். அதற்கடுத்த வீட்டிலும்.

(கதையில் அந்த உருவத்தை நிறுத்தி முகம் காட்ட வைக்கப் பார்த்தேன். “வண்டி நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்” என்று போய் வாக்கியம் நின்றுவிடுகிறது. வேறு விதமாகவும் எழுதினேன்: “கழுத்து வாரைத் தளர்த்தி, மெல்ல” அவ்வளவுதான். எந்த முகத்தை வைப்பது என்று எனக்குத் தெரியாததால் இப்படி ஆகிறது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.)

3

கேட்கக்கூடாததற்கு இந்த வருடம் இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஈஸ்டர் சமயத்தில் யாரோ புகார் செய்ய, போலீஸ் வந்து, வண்டியை ஓட்டியது யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அது பொய்யும் இல்லை. வாங்கியவள் என்று கார்லாவுக்கு எச்சரிக்கை. அடுத்த முறை வண்டியைப் பிடித்து நசுக்கிவிடுவார்களாம். வண்டி போனால் போகட்டும். பின்னாலேயே கவுன்சில் வேறு சொல்லிவிட்டது: இன்னொரு புகார் வந்தால் வீட்டு வாடகை ஒப்பந்தம் மறுபரிசீலனை. அதாவது வீடு போகும். அதன்பின் பிள்ளைகள் வெளிச்சம் மங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

“படிச்சவளே, நீ என்ன சொல்ற?” என்று கார்லா அப்போது கேட்டாள்.

“வித்துடு.”

“வித்துட்டு? புள்ளைங்க உன் வெப்சைட்ட பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமா? இங்க புள்ளைங்க வெளையாடிட்டிருந்த கிளப்ப இழுத்து மூடினது யாரு? உங்க ஆபீஸுதான?”

ஆமாம், எங்கள் ஆபீஸ்தான்.

4

இன்று டேம்சினின் பிறந்தநாள். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் முன்னறைத் தரையில் படுத்து சினிமா பார்க்கிறார்கள். எல்லார் சட்டையிலும் சாஸேஜ் ரோல் துகள். பக்கத்து வீட்டு வெண்டி உதவிக்கு வந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார்க்‌ஷயரில் அக்டோபர் என்றால் மாலை ஆறு மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். வெளியே அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட சத்தம்.

வெண்டி நிமிர்ந்து கை தூக்கினாள். “என் வாலுப் பய. கேக் திங்கக்கூட எறங்கமாட்டான் பாரு.”

“அம்மா, ஜூஸ் தீந்துபோச்சு.”

அவள் மகன் டெக்லன், காலி டம்ளரோடு பின்னால் நின்றான்.

வெண்டி திரும்பிப் பார்த்தாள். தூக்கிய கையை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. சோப்பு நுரை முழங்கை வரை வழிந்தது.

நான் முன்னறைக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் குறையவில்லை. பின்கதவுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் எப்போதும் தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

5

இதோ கார்லா வாயைத் திறந்துவிட்டாள். நாங்கள் பேசுவதை அப்படியே எழுதுகிறேன்.

“நம்ம புள்ளைங்க எல்லாம் உள்ள இருக்கு.”

“அப்ப வெளிய இருக்கறது?” என்கிறேன்.

“நம்மளுது இல்ல.”

“அந்தப் பக்கத்துப் பய எவனாவது வண்டி நிக்கிற ஷெட்ட தொறந்து எடுத்திருப்பான், கண்ணு,” என்கிறாள் வெண்டி. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டாள். “எவனா இருந்தா என்ன. பெட்ரோல் தீந்தா போட்டுட்டுப் போயிடுவான்.”

“பெட்ரோலே இல்ல,” என்கிறாள் கார்லா. “காலையிலதான் வடிச்சேன். பார்ட்டி நடுவுல எதுவும் ஓடக்கூடாதுன்னு.”

வெளியே வண்டி வீடுகளைத் தாண்டுகிறது. திரை மூடியிருக்கிறது, இருந்தும் வெண்டியின் கை லேசாக எழும்பி அடங்குகிறது.

(ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் திரும்பிவர நேரம் கூடுகிறது. புல்வெளியின் மறுகோடியில் கம்பிவேலி பிய்ந்திருக்கிறது. அதைத் தாண்டினால் புறவழிச்சாலை. அந்த வண்டிக்கு விளக்குக் கிடையாது. லாரிகளுக்கு நிற்கிற வழக்கம் கிடையாது.)

6

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அ. வேறு குடியிருப்புப் பையன். பெட்ரோலும் அவனே கொண்டுவந்தது. துரத்தினால் சிரித்துக்கொண்டு ஓடுவான். படிக்கிற உங்களுக்கு நிம்மதியாக மூச்சு வரும்.

ஆ. ஹெல்மெட்டுக்குள் ஒன்றுமில்லை. நல்ல பேய்க்கதை, எங்களுக்கும் வசதி. பேயை லாரி அடித்தால் யாரும் யாரையும் விசாரிக்கமாட்டார்கள்.

இ. “பிரேக் போட்ட சத்தம் கேட்டு நாங்கள் மூவரும்”

இதை எழுதமாட்டேன். மூன்றுமே மூடிய திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவை. “நம்மளுது இல்ல” என்ற வாக்கியம் எனக்குப் புதிதில்லை. எங்கள் அலுவலகம் இந்தத் தெருவைப் பற்றி வாரம் முழுக்க அதைத்தான் சொல்கிறது.

7

“போலீஸுக்கு போன் பண்றேன்,” என்றேன்.

“பைத்தியமாடீ உனக்கு? வீடு போகும்.”

“வண்டி என்னுதுன்னு சொல்றேன். உன்கிட்டேர்ந்து வாங்கிட்டேன், உன் ஷெட்டுல போட்டு வச்சிருந்தேன்.”

“உன் வேலை?”

“போகும்.”

“இந்தத் தெருவுலயே கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறவ நீ ஒருத்திதான்.”

“தெரியும்.”

அழைத்தேன். என் பெயரை முழுதாகச் சொன்னேன். வண்டி என்னுடையது என்றேன், ஓட விட்டது என் தப்பு என்றேன். மறுமுனையில் இருந்த பெண் அவசரப்படாமல் பேசினாள்.

“ஓட்டுறது யாருங்க?”

“ஒரு குழந்தை.”

“உங்க குழந்தையா?”

கார்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றேன்.

போலீஸ் கார் வரத் தாமதமாகுமாம். நின்றுகொண்டே இந்த வரிகளை எழுதுகிறேன். கோட்டு மாட்டியாகிவிட்டது. சத்தம் இந்த முறை இன்னும் திரும்பவில்லை. கார்லா பின்கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள்.

முடிவு இந்த மேசையில் இல்லை. வேண்டுமென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வாருங்கள். புல் ஈரமாக இருக்கும். நான் காத்திருக்கப் போவதில்லை, போகி